சீல் மேசையில் குவிந்த தட்டுகள்

“நீ இம்புட்டு வேகமா நிறைச்சு நிறைச்சு அனுப்புறியே மீனா, அதெல்லாம் எங்க போயி நிக்குதுன்னு ஒருநாளாவது திரும்பிப் பாத்தியா?”

செல்லக்கிளி அக்கா இதைக் கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், என் வேலையை நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். அன்று செவ்வாய்க்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமையே அவரை சீல் மெஷினிலிருந்து எடுத்து அரவை அறைக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு மூச்சு இழுப்பு உண்டு. மாவுத் தூசி ஆகாது. அது எனக்கும் தெரியும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேற்கொண்டு என்ன படிப்பது என்று முடிவு செய்ய முடியாமல் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சத்துமாவு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். என் பெயர் பாண்டிமீனா. இந்தக் கதையில் என் பெயர் அதற்கு மேல் முக்கியமில்லை. இது செல்லக்கிளி அக்காவின் கதை. ஆனால் நான் செய்ததைச் சொல்லாமல் அவருக்கு நடந்ததைச் சொல்ல முடியாது.

கம்பெனி வேன் காலையில் முதலில் விளாங்குடியில் அவரை ஏற்றும். பிறகு கோச்சடையில் என்னை. நான் ஏறும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். வேன் போகும் நேரத்தில் அவர் சொன்னவற்றிலிருந்துதான் அவருடைய பழைய வாழ்க்கை எனக்குத் தெரியும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா, அம்மா, சித்திமார் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். பன்னிரண்டு வயதில் இவரும் நடவுக்கு இறங்கியிருக்கிறார். அந்த நாட்களைப் பற்றி அவர் ஒருபோதும் ஆசையாகப் பேசியதில்லை. கால் விரலிடுக்கில் சேற்றுப்புண், வரப்பில் நின்று ஏவுகிற ஆள், எட்ட நின்று கையில் ஊற்றிய தண்ணீர், இவற்றைத்தான் சொல்வார். மலைச்சாமி அண்ணனைக் கட்டிக்கொண்டு விளாங்குடிக்கு வந்த அன்றே இனி வயலில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகன் பீமாராவ் பாலிடெக்னிக் படிக்கிறான். அக்கா ஆறு வருடமாக இந்தக் கம்பெனியில் சீல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை, தூசி இல்லாத இடம். அதற்காகவே அந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். அரைத்த மாவு டிரம்மில் வரும். நான் கால் கிலோ எடை போட்டுப் பாக்கெட்டில் நிறைப்பேன். நாற்பது பாக்கெட் சேர்ந்தால் ஒரு தட்டு. தட்டைத் தூக்கி அக்கா மேசையில் வைப்பேன். அவர் ஒவ்வொரு பாக்கெட்டின் வாயிலும் ஒட்டியிருக்கும் மாவைத் துணியால் துடைத்து, மெஷினில் வைத்து, மிதியை மிதித்து, சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்து எடுப்பார். அடுத்து அன்னக்கொடி அக்கா தேதி ஸ்டிக்கர் ஒட்டுவார். கடைசியில் அஜ்மல் பீவி அக்கா முப்பது முப்பதாக அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவார். நான்கு பேர், ஒரே வரிசை.

சுவரில் ஒரு கரும்பலகை. யார் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை போட்டார்கள் என்று எங்கள் மேஸ்திரி சங்கிலி அண்ணன் பெயருக்கு நேராக எழுதுவார். என் பெயருக்கு நேராக அறுநூறு. அக்காவுக்கு முந்நூற்றறுபது. தினமும் அப்படித்தான். கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய கையும் சும்மா இருக்கக் கூடாது. முதலாளி அப்துல் அலீம் பாய் உள்ளே வரும் சத்தம் கேட்டால் ஸ்டிக்கர் ஒட்டப் பாக்கெட் இல்லாத அன்னக்கொடி அக்காகூட ஒட்டிய ஸ்டிக்கரையே தடவிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தப் பாடு இல்லை. என் கை நிற்பதே இல்லை. பலகையில் முதல் பெயர் என்னுடையது. பள்ளியில் எனக்கு அப்படி ஒருநாளும் கிடைத்ததில்லை.

அக்கா மேசையில் தட்டுகள் குவியும். ஒன்றன்மேல் ஒன்றாக மார்பு உயரத்துக்கு நிற்கும். மூன்று மணிக்கு மேல் தட்டு வைக்க இடம் இல்லாமல் போய், என்னை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் வேன் வரும்போது ஏழெட்டுத் தட்டு சீல் போடாமல் மிச்சம் நிற்கும். மறுநாள் காலையில் அதன் மேலேயே புதுத் தட்டை வைப்பேன். அவர் மேலே இருப்பதை எடுத்து சீல் போடுவார். அடியில் இருப்பது பல நாள் அடியிலேயே கிடந்து, எப்போதாவது குவியல் தீர்ந்தால்தான் சீலுக்கு வரும்.

“செல்லக்கிளி, உன் மேசையில கோபுரம் கட்டுறியாத்தா?” என்று சங்கிலி அண்ணன் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் உசிலம்பட்டிப் பக்கம் போன மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன. பாக்கெட்டுக்குள் மாவு கட்டியாகி வண்டு ஊர்ந்தது. சீல் சரியில்லை, காற்று உள்ளே போயிருக்கிறது என்று சங்கிலி அண்ணன் சொன்னார். அக்கா மெதுவான ஆள் என்று பலகையும் சொன்னது. பாய் அதிகம் பேசுகிறவர் இல்லை. மெதுவாகவும் போட்டு, அதையும் சரியாகப் போடாவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாராம். சனிக்கிழமை முடிவாகிவிட்டது. அக்கா அரவைக்கு, அரவையிலிருந்த முத்துச்செல்வி எடைக்கு, நான் சீலுக்கு.

அக்கா சங்கிலி அண்ணனிடம் தனக்கு இழுப்பு இருப்பதைச் சொன்னார். அவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வேலையை விட்டுவிட முடியாதா என்று திங்கட்கிழமை வேனில் கேட்டேன். வேறு எங்கே போனாலும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், பீமாராவுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுவரை ஓட்டிவிடுவேன் என்றார். கோபம் எதுவும் காட்டவில்லை. எனக்கு இடம் போடுவதையும் நிறுத்தவில்லை.

சீல் மெஷினில் உட்கார்ந்த முதல் மணி நேரத்தில் நான் நானூற்றுப் பத்து போட்டேன். பெருமையாகத் தலையை நிமிர்த்தினேன். பத்து நிமிடத்தில் அஜ்மல் பீவி அக்கா முப்பது நாற்பது பாக்கெட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். எல்லாம் வாய் திறந்தவை. விளக்கு அணைவதற்கு முன்னால் மிதியை விட்டிருக்கிறேன். சிலவற்றில் வாயிலிருந்த மாவைத் துடைக்காமலே வைத்திருக்கிறேன். மாவு இருந்தால் சீல் பிடிக்காது. அடுத்த மணி நேரத்தில் ஒழுங்காகப் போட்டபோது முந்நூற்று நாற்பதுதான் வந்தது. எனக்கு இடது பக்கம் முத்துச்செல்வி தட்டு மேல் தட்டாக அடுக்கிக்கொண்டே போனாள். கையை நிறுத்தவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் செய்தது இதைத்தானா என்று அப்போது தோன்றியது. அக்கா கேட்ட கேள்வி அன்றுதான் எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பாக்கெட் எடை போட ஆறு விநாடி. சீல் போடப் பத்து விநாடி. துடைக்க நான்கு, மெஷினில் ஆறு. ஸ்டிக்கருக்கு மூன்று, பெட்டியில் வைக்க மூன்று. மெஷினின் ஆறு விநாடியை யார் உட்கார்ந்தாலும் குறைக்க முடியாது. நான் ஆறு விநாடிக்கு ஒன்று அனுப்பினால், பத்து விநாடிக்கு ஒன்று போடுகிற இடத்தில் அது குவியாமல் என்ன செய்யும்? நான் எவ்வளவு வேகமாக நிறைத்தாலும் கேட்டைத் தாண்டி ஒரு பெட்டிகூட அதிகமாகப் போகப்போவதில்லை. சாயங்காலம் வண்டியில் ஏறும் பெட்டிகளை எண்ணினேன். எண்பத்தெட்டு. அக்கா இருந்தபோது தொண்ணூறு.

சங்கிலி அண்ணனிடம் சொல்லப் போனேன். அவர் முழுதாகக் கேட்கவில்லை. “உனக்கும் அந்தச் சீட்டு ராசியில்ல போல” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அரவை அறை. மெஷின் நிற்கும் நேரத்தில் அக்கா இருமுவது கேட்கும். முதல் வாரம் அது சாதாரண இருமலாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை வேனில் அவர் மூச்சு விடும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வந்தது. விளாங்குடியில் படி ஏறும்போதே நின்று நின்றுதான் ஏறினார் என்று டிரைவர் சொன்னார்.

அதே திங்கட்கிழமை என் மேசையின் அடித்தட்டை உருவி எடுத்தேன். அதிலிருந்த மாவு ஓரத்தில் கட்டியாகியிருந்தது. எத்தனை நாள் வாய் திறந்து கிடந்ததோ தெரியவில்லை. திரும்பி வந்த உசிலம்பட்டிப் பாக்கெட்டுகளில் சில இன்னும் மூலையில் கிடந்தன. இரண்டை எடுத்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அக்கா போட்ட சீல் இறுக்கமாகத்தான் இருந்தது. மாவு சீல் போடுவதற்கு முன்னாலேயே, குவியலின் அடியில் காத்துக் கிடந்தபோதே கெட்டிருக்கிறது. அந்தக் குவியலைக் கட்டியது நான்.

இதை நான் அன்றே பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. காரணத்தை மறைக்கப் போவதில்லை. பலகையில் பல மாதமாக என் பெயர்தான் முதலில் இருந்தது. மாவு கெட்ட காரணத்தைச் சொன்னால், அந்த அறுநூறால்தான் கெட்டது என்று நானே சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அரவை மெஷின் திடீரென்று நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அக்கா கம்புச் சாக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. புருவத்தில் மாவு. பேச வரவில்லை. வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நானும் கூடப் போனேன். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார். ஆள் யார் என்று தெரிந்து பிடித்தாரா, கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

உள்ளே கொண்டுபோன பிறகு வராந்தாவில் பீமாராவ் வந்து நின்றான். என் வயதுதான் இருக்கும். அம்மாவுடன் வேலை பார்ப்பவள் என்று சொன்னேன். அவன் கேட்டான்.

“எங்கம்மா மெதுவான ஆளுன்னு சொல்லித்தான் இடம் மாத்துனாங்களாம்ல?”

நான் தலையை ஆட்டினேன்.

“வீட்டுல ஒருநாளும் அப்படி நாங்க பாத்ததில்லையே” என்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை நான் நேராக பாயின் அறைக்குப் போனேன். வாளி, திரும்பி வந்த பாக்கெட், அடித்தட்டு மூன்றையும் கொண்டு போனேன். தண்ணீரில் அமுக்கிக் காட்டினேன். விநாடிக் கணக்கைச் சொன்னேன். திங்கட்கிழமையே இது தெரியும் என்பதையும் சொன்னேன். பாய் பாக்கெட்டைத் தன் கையால் இன்னொரு முறை தண்ணீருக்குள் பிடித்துப் பார்த்தார். அக்காவுக்கு இழுப்பு என்று தனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். பிறகு சங்கிலி அண்ணனைக் கூப்பிட்டார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்த சங்கிலி அண்ணன் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பாய்க்கு முழு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு சீல் மெஷின் வாங்கிவிடலாமா என்று யோசித்தார். ஒருநாள் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அன்று சீல் மேசையில் இரண்டு தட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்தோம். இரண்டும் நிறைந்திருந்தால் முத்துச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. “சும்மா உக்காந்திருக்கக் கூச்சமா இருக்குடி” என்றாள். பலகையில் எடையின் கணக்கு அறுநூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு இறங்கியது. சாயங்காலம் பாயே கேட்டில் நின்று பெட்டிகளை எண்ணினார். தொண்ணூற்றொன்று. குறையவில்லை. ஒரு பெட்டி கூடியிருந்தது.

அக்கா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு வாரம் வீட்டில். அவர் திரும்பி வந்த அன்று பாய் தானே சீல் மேசைக்கு வந்து, பழைய நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்; நான் எடைக்கும் முத்துச்செல்வி அரவைக்கும் திரும்பினோம். மாவுத் தூசி உடம்புக்கு ஆகாது என்று தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பாய் அக்காவிடம் கேட்டார்.

“நீங்களும் ஒரு வார்த்தை கேக்கல பாய்” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பாய் தலையசைத்தார். குவியாமல் நிறுத்திவிட்டோம், ஆனால் பெட்டி பெரிதாகக் கூடவில்லை, இன்னொரு மெஷின் போடலாமா, நீ ஆறு வருடம் இதில் உட்கார்ந்தவள், என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அக்கா கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். அன்னக்கொடி அக்காவை ஒருமுறை பார்த்தார்.

“நடவுல பக்கத்துல நிக்கிறவ பிந்திட்டான்னா, ரெண்டு பக்கமும் நிக்கிறவளுக அவ பங்குல நாலு நாத்தச் சேத்து நட்டுட்டுத்தான் பின்னால அடி எடுத்து வைப்போம் பாய். அவள மட்டும் விட்டுட்டுப் போனா வரிசை கோணிப் போகும், அப்புறம் எல்லாருக்குந்தான் ஏச்சு. நான் அந்த வேலையக் கொண்டாடல. முதுகு போச்சு அதுல. ஆனா அங்க ஒருத்திய மட்டும் யாரும் மெதுவான ஆளுன்னு சொன்னதில்ல.”

பிறகு அவர் சொன்னது எளிய விஷயம். ஸ்டிக்கர் ஒட்டுவதும் பெட்டியில் வைப்பதும் மூன்று மூன்று விநாடி. இரண்டையும் அஜ்மல் பீவியே பார்த்தால் ஆறு. அன்னக்கொடி எடைக்கும் சீலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து பாக்கெட் வாயை மட்டும் துடைத்துக் கொடுக்கட்டும். அப்போது சீலில் மெஷினின் ஆறு விநாடி மட்டும்தான். அதே நான்கு பேர், அதே மெஷின். எனக்கு விநாடிக் கணக்கு தெரிந்திருந்தது. ஆனால் ஆளை இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்னக்கொடி அக்காதான் முதலில் முணுமுணுத்தார். ஸ்டிக்கர் ஒட்டியவள் இப்போது துணி பிடிக்க வேண்டுமா என்றார். “ரெண்டு நாளு பிடிச்சுப் பாரு, பிடிக்கலன்னா நான் துடைக்கிறேன், நீ மிதி” என்றார் செல்லக்கிளி அக்கா. அதற்கு அன்னக்கொடி அக்கா சிரித்துவிட்டார். அந்த முதல் நாள் நூற்றிருபத்தெட்டுப் பெட்டிகள் கேட்டைத் தாண்டின. கணக்குப்படி நூற்றைம்பது போயிருக்க வேண்டும். டேப் தீர்ந்தது, ஒருமுறை கரண்ட் போனது. கணக்கில் இருப்பதெல்லாம் வேலையில் அப்படியே வராது என்பதையும் அன்று பார்த்தேன்.

அக்கா பாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பலகையிலிருந்து பெயர்களை அழிக்க வேண்டும். இப்போது அதில் ஒரே ஒரு எண் இருக்கிறது, அன்று கேட்டைத் தாண்டிய பெட்டிகள். ஒரு மாதத்தில் வேறொன்று தெரிந்தது. நாங்கள் வேகமானதும் மாவு பற்றவில்லை. இப்போது பிந்துவது அரவை அறை. அதனால் பாயின் கவனம் முதல் முறையாக அங்கே போனது. தூசியை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே ஒரு வேளைக்கு மேல் யாரையும் நிறுத்துவதில்லை. மெதுவான இடம் ஒன்று சரியானால் இன்னொன்று தலையைக் காட்டும். அங்கே நிற்கும் ஆளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்ட விதம் இதுதான்.

ஆனால் அந்த ஃபேன் அக்காவுக்கு உதவவில்லை. அவருடைய நெஞ்சு பழையபடி ஆகவில்லை. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸ் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கிறது. வேன் படியில் ஏறியதும் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாள் தூசியாவது அவருக்குள் போயிருக்காது. இதை அவரிடமே வேனில் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் தாண்டிய பிறகு, “சொன்னியே, அம்புட்டுத்தான்” என்றார். அது மன்னிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மறுநாளும் எனக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கம்பெனியில் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களை வேலை வாங்குகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். என் பெயரை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. விளாங்குடி செல்லக்கிளி மெதுவான ஆள் இல்லை என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள்.